மூணு நாய்த்தடம், ஒரு வாத்துத்தடம்

ஒரு ஊர்ல ஒரு கால்தடம் இருந்துச்சு.

ராசா இல்ல, ராணி இல்ல. வெறும் கால்தடம். விடிஞ்சதும் வயலுக்குப் போனவங்க பாத்தாங்க. வரப்பு ஓரமா, ஈரச் சேத்துல, பதிஞ்சு பதிஞ்சு போயிருக்கு. ஒரு நாய்த்தடம். அதுக்குப் பின்னால இன்னொரு நாய்த்தடம். பக்கத்துல இன்னொண்ணு. நாலாவதும் நாய்த்தடமாத்தானே இருக்கணும்? அது அப்படி இல்ல. அந்த இடத்துல விசிறி விரிச்ச மாதிரி ஒரு வாத்துத்தடம்.

"ம்?"

ஆமா, தங்கம். மூணு நாய், ஒரு வாத்து. மறுபடியும் மூணு நாய், ஒரு வாத்து. வரப்பு முடியிற வரைக்கும் அப்படியேதான் போகுது.

அப்போ ஊர்ல ஒருத்தர் சொன்னாரு, "நாய் மேல வாத்து சவாரி போயிருக்கு. ஒரு கால மட்டும் கீழ ஊனிக்கிட்டுப் போயிருக்கு." இன்னொருத்தர் சொன்னாரு, "நாய் வாத்தைத் தின்னுருச்சு, கால் மட்டும் வாயில தொங்கிருக்கு." தொங்குற கால் எப்படிய்யா அச்சடிச்ச மாதிரி பதியும்னு ஒரு அம்மா கேட்டாங்க. அவரு பீடியப் பத்தவச்சுக்கிட்டாரு. ஒரு சின்னப் பொண்ணு மட்டும், "வாங்க, பின்னாலயே போய்ப் பாப்போம்"னுச்சு.

அவங்க போகட்டும். தடத்தைப் பாத்துப் பாத்து மெதுவாத்தான் போவாங்க. அவங்க போய்ச் சேர்றதுக்குள்ள, அது யாரோட தடம்னு நான் உனக்குச் சொல்லிடுறேன்.

"ம்."

கொஞ்சம் முன்னாடி, ஆத்துக்கு அந்தாண்ட வேற ஒரு ஊர்ல, செம்பாயின்னு ஒருத்தி இருந்தா. அவ புருசன் பேரு அங்கமுத்து. அவங்க வாத்துக்காரங்க. வாத்துக்காரங்களுக்கு ஒரு ஊர்னு கிடையாது. எங்க அறுப்பு முடியுதோ அங்க வாத்தை ஓட்டிக்கிட்டுப் போவாங்க. அறுத்த வயல்ல சிந்திக் கிடக்கிற நெல்லையும், சேத்துல இருக்கிற நத்தையையும் வாத்து பொறுக்கித் தின்னும். பொழுது சாஞ்சா மேட்டுல நீல வலையை வட்டமாக் கட்டி உள்ள அடைப்பாங்க. காலையில பாத்தா வலைக்குள்ள முட்டை முட்டையாக் கிடக்கும். அந்த வயல் தீந்துச்சா, அடுத்த வயல். அடுத்த ஊர். நடைதான், நடைதான், நடைதான்.

அவங்ககிட்ட ஒரு நாய் இருந்துச்சு. தவிட்டு நிறம். குட்டியா இருந்தப்போ நேரா நடக்காம பக்கவாட்டுல நடந்துச்சாம், அதனால செம்பாயி அதுக்கு நண்டுன்னு பேரு வச்சா.

நண்டுக்கு என்ன வேலை தெரியுமா? வாத்துக் கூட்டம் முன்னால போகும். குவாக் குவாக் குவாக். பின்னால நீளக் கழியோட செம்பாயி. நண்டு ஓரத்துல போகும். பக்கத்து வயல் அறுக்காம நிக்கும், பாரு, அதுல வாத்து இறங்குனா போச்சு, கதிரெல்லாம் மிதிபட்டுரும், சண்டை வந்துரும். அதனால எந்த வாத்தாவது அந்தப் பக்கம் கழுத்தை நீட்டுச்சுன்னா, நண்டு சுத்திக்கிட்டு முன்னால போய் நிக்கும். கடிக்காது. ஒரே ஒரு "வள்". வாத்து திரும்பிரும்.

அப்புறம் ஒருநாள் அறுப்பு மெசினு வந்துச்சு.

"ம்."

கடகடகடன்னு பெரிய மெசினு. நண்டு வைக்கோல் நிழல்ல படுத்திருந்துச்சு. அது மெசினப் பாக்கல, மெசினு ஓட்டுனவனும் அதைப் பாக்கல. அதை நான் நீட்டிச் சொல்லப்போறதில்ல, தங்கம். இடது முன்னங்கால் போயிருச்சு. அவ்வளவுதான்.

செம்பாயி அதைச் சேலையில சுத்தி, மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடுனா. அங்க நசீமான்னு ஒரு டாக்டரம்மா. அவங்க மயக்கமருந்து போட்டு, கெட்டுப்போன பாகத்தை வெட்டி எடுத்து, தச்சுக் கட்டுப் போட்டாங்க. போட்டுட்டு வெளிய வந்து சொன்னாங்க, "உசுருக்குப் பயமில்ல. முட்டிக்குக் கீழ கொஞ்சம் விட்டு வச்சிருக்கேன்."

"எதுக்கு டாக்டரம்மா?"

"பின்னால ஏதாவது மாட்டணும்னா, மாட்டுறதுக்கு ஒரு இடம் வேணும்ல."

செம்பாயிக்கு அது அப்போ புரியல. தலைய மட்டும் ஆட்டிக்கிட்டா.

"அதுக்குக் கால் போனது தெரியுமா?"

யாருக்கு, நண்டுக்கா? நல்லாக் கேட்ட. அதத்தான் செம்பாயியும் கேட்டா. டாக்டரம்மா யோசிச்சுட்டு, "அதுகிட்டதான் கேக்கணும்"னாங்க. அது சொல்லல. மூஞ்சியத் துடைக்கணும்னு நெனைச்சா, இல்லாத காலத் தூக்கும். குட்டையா இருக்கிறது காத்துல அசையும். அப்புறம் சும்மா இருந்துரும்.

புண்ணு ஆறுச்சு. நண்டு எந்திரிச்சு நின்னுச்சு. தார் ரோட்டுல மூணு காலே போதும், தத்தித் தத்திப் போயிரும். ஆனா வயல் ரோடு இல்லையே. சேத்துல இறங்குனா, முன்னால இருக்கிற ஒத்தக் கால் மேல மொத்தப் பாரமும் விழும். அது புதையும். தொபுக்னு மூஞ்சி குப்புற விழும். எந்திரிக்கும். திரும்பத் தொபுக். மூக்கெல்லாம் சேறு.

அங்கமுத்து அதைப் பாத்துக்கிட்டே நின்னான். அப்புறம் சொன்னான், "இங்க வயலெல்லாம் தீந்துபோச்சு புள்ள. அமாவாசை கழிச்சு ஆத்தைத் தாண்டிப் போயிரணும். இதை டீக்கடையில விட்டுட்டுப் போயிருவோம். கடைக்காரர்கிட்ட கேட்டுட்டேன். தினம் பன்னு போடுறேன்னாரு."

"அது பன்னு தின்னவா பொறந்துச்சு?"

"சேத்துல மூக்கைத் தேய்க்கவா பொறந்துச்சு?"

அங்கமுத்து பொல்லாதவன் இல்ல, தங்கம். அவன் சொன்னதுல நியாயம் இருந்துச்சு. அதுதான் செம்பாயிக்குத் தாங்கல.

"அமாவாசை வரைக்கும் பொறு"ன்னா. "அதுக்குள்ள அது சேத்துல நடந்துட்டா நம்மளோட வரும். நடக்கலேன்னா டீக்கடை."

"சரி"ன்னான்.

தூங்கிட்டியா?

"ம்ஹும்."

அப்போ செம்பாயி என்ன பண்ணா, ஒரு மூங்கில் துண்டை நறுக்குனா. ஒரு முனையில பஞ்சு வச்சு, பழைய துணி சுத்தி, நண்டோட குட்டைக் கால்ல சேத்துக் கட்டுனா. முதல் கால் ரெடி. களத்துமேட்டுல டொக் டொக்னு நடந்துச்சு. செம்பாயிக்குச் சந்தோசம். சேத்துல இறங்குச்சு. சதக்.

மூங்கில் நேரா உள்ள போயிருச்சு. நண்டு இழுக்குது, வரல. அப்படியே நிக்குது, கொல்லையில கம்பு நட்ட மாதிரி.

அங்கமுத்து வரப்புல உக்காந்து சொன்னான், "நட்டுட்ட. தண்ணி விடு, முளைக்கும்."

"சும்மா இருய்யா."

"நிசமான நண்டுக்குக் கால் போனா முளைக்குமாம். நீ பேரைத்தானே வச்ச."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். சொல்லிட்டு அவனே சேத்துல இறங்கி, நாயத் தூக்கி, மூங்கிலைப் பிடுங்கி எறிஞ்சுட்டு, அதோட மூஞ்சியத் துண்டால துடைச்சுவிட்டான்.

அப்புறம் செம்பாயி மறுபடி டாக்டரம்மாகிட்ட போனா. "மாட்ட இடம் இருக்குன்னீங்களே, எதை மாட்டுறது?"

டாக்டரம்மா சொன்னாங்க, "டவுன்ல சவரிநாதன்னு ஒருத்தர் இருக்காரு. மனுசங்களுக்குச் செயற்கைக் கால் செய்யிறவரு. நாய்க்குச் செஞ்சிருக்காரான்னு தெரியாது. போய்க் கேட்டுப் பாரு."

போனா. மினி பஸ்ல கண்டக்டர் நாயை ஏத்தமாட்டேன்னாரு. "அது கால் வாங்கப் போகுது"ன்னா செம்பாயி. கண்டக்டர் நாயைப் பாத்தாரு, அவளைப் பாத்தாரு. "நானும் எவ்வளவோ சாக்குக் கேட்டிருக்கேன், இது புதுசா இருக்கு, ஏறு"ன்னாரு.

சவரிநாதன் கடையில எங்க பாத்தாலும் காலு. சுவத்துல காலு, பெஞ்சு மேல காலு, மூலையில சின்னப் புள்ளைங்க காலு. நண்டு ஒவ்வொண்ணா மோந்து பாத்துச்சு. ஒண்ணுலயும் ஆள் வாசனை இல்ல. அதுக்கு ஒண்ணும் புரியல.

"நாய்க்கா?" அப்படின்னாரு சவரிநாதன். கண்ணாடியக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டாரு. "நாய்க்கு நான் செஞ்சதில்ல தங்கச்சி. கெட்டுப்போச்சுன்னா என்னைத் திட்டாத."

"திட்டமாட்டேன்ணே. ஆனா அமாவாசைக்குள்ள வேணும்."

அப்போ அவரு நண்டோட குட்டைக் கால்ல ஈர மாவுக்கட்டைச் சுத்துனாரு, அச்சு எடுக்க. அது காயுற வரைக்கும் நண்டு அசையாம உக்காந்திருந்துச்சு. அந்த அச்சுக்குள்ள கிண்ணம் மாதிரி ஒண்ணு வார்த்து, உள்ள மெத்துன்னு துணி வச்சு, தோளைச் சுத்தி வார் போட்டு, கீழ ஒரு பாதம் வச்சாரு. நல்ல பாதம். குதிகால் வச்ச பாதம். பழக்கதோசத்துல முன்னால அஞ்சு விரலும் கீறி, கட்டைவிரல்ல நகம்கூட வரைஞ்சுட்டாரு.

"நாய்க்கு மனுசப் பாதமா?"

நீயே சிரிக்கிற பாரு. அவருக்கு அப்போ தோணல. கை தானாச் செஞ்சுருச்சு.

சிமிட்டித் தரையில டக் டக் டக்னு நடந்துச்சு. வேலை முடிஞ்சுதுன்னு அவரு விட்டுடல. "சேத்துல எப்படிப் போகுதுன்னு நான் பாக்கணும்"னு பேண்டை மடிச்சுவிட்டு அவகூடயே வயலுக்கு வந்துட்டாரு.

நண்டு சேத்துல இறங்குச்சு. புதையல. தட்டைப் பாதம், பாரு, நல்லா நின்னுச்சு. செம்பாயி மூச்ச விட்டா. அடுத்த அடி வைக்கணும்னு நண்டு காலத் தூக்குச்சு.

புளுக்.

நண்டு வந்துருச்சு. கால் வரல. சேறு காலப் பிடிச்சு வச்சுக்கிச்சு. அஞ்சு விரலும் நகமுமா அது பாட்டுக்கு வயல் நடுவுல நிக்குது. வாத்துங்க சுத்தி வந்து அதைக் கொத்திப் பாக்குதுங்க.

அங்கமுத்து துண்டால வாயப் பொத்திக்கிட்டான். சவரிநாதன் காலை எடுக்க இறங்குனாரு. நாலடி போனாரு. புளுக். அவரோட செருப்பும் போச்சு. குனிஞ்சு தேடுறாரு, கிடைக்கல. இடுப்புல கைய வச்சுக்கிட்டு, சேத்துக்குள்ள வெறுங்காலோட நிக்கிறாரு. அவரைத் தாண்டி வாத்துங்க போகுதுங்க. சளக் சளக் சளக். ஒண்ணும் புதையல. ஒண்ணும் சிக்கல.

அப்போ அவரு கேட்டாரு, "ஏம்மா, வாத்து மட்டும் ஏன் சிக்கல?"

"வாத்துன்னா சிக்காதுண்ணே."

"அதான், ஏன்?"

செம்பாயி பொறந்ததுலேர்ந்து வாத்துக்குப் பின்னாலயே நடக்குறவ. ஒரு நாளும் அவளுக்கு இந்தக் கேள்வி வந்ததில்ல. அங்கமுத்தைப் பாத்தா. அவனும் தலையச் சொறிஞ்சான். "முட்டையப் பாத்திருக்கோம், எரையப் பாத்திருக்கோம். காலை யாரு பாத்தா"ன்னான்.

அப்புறம் மூணு பேரும் என்ன பண்ணாங்க, வரப்புல குப்புறப் படுத்துக்கிட்டாங்க. கன்னம் மண்ணுல படுற மாதிரி. வாத்து நடக்குறதை வாத்து உசரத்துல இருந்து பாத்தாங்க. நண்டும் வந்து பக்கத்துல படுத்துச்சு.

அந்தப் பக்கமா சைக்கிள்ல போன ஒருத்தர் கேட்டாரு, "என்னத்தத் தொலைச்சீங்க?"

"கால"ன்னான் அங்கமுத்து.

அவரு வேகமா மிதிச்சுக்கிட்டுப் போயிட்டாரு.

"ம்... அப்புறம்?"

அப்புறம் செம்பாயி ஒரு வாத்தைப் பிடிச்சுத் தூக்குனா. சவரிநாதன் அதோட பாதத்தைத் தன் உள்ளங்கையில வச்சு அமுக்குனாரு. விரல் மூணும் அகலமா விரிஞ்சுச்சு, நடுவுல இருக்கிற தோல் இழுத்துக் கட்டுன மாதிரி ஆச்சு. கைய எடுத்தாரு. குடைய மடக்குன மாதிரி சுருங்கிருச்சு. அமுக்குனா விரியுது. தூக்குனா சுருங்குது. விரிஞ்சா புதையாது. சுருங்குனா சிக்காது.

மூணு பேரும் மாறி மாறி அமுக்கிப் பாத்தாங்க. வாத்து "குவாக்"னுச்சு.

சவரிநாதன் சொன்னாரு, "மனுசனுக்குச் செஞ்சு செஞ்சு நான் குதிகால வச்சுட்டேன். நாய் விரல்லதான் நடக்குது. வாத்தும் விரல்லதான் நடக்குது. என்கிட்ட ஒரு குடை இருக்கு, கிழிஞ்சது. அதோட கம்பி போதும்."

அந்த வாத்தையும் அவரு கடைக்குக் கூட்டிக்கிட்டுப் போனாரு, பாத்துச் செய்ய. மினி பஸ் கண்டக்டர், "இதுக்கு என்ன, கையா?"ன்னு கேட்டாராம்.

அமாவாசையும் வந்துச்சு. போயும் போச்சு. புறப்படுற அன்னிக்குக் காலையிலதான் சவரிநாதன் வந்தாரு. ஒரு கையில வாத்து, ஒரு கையில கால். பழைய கிண்ணம், பழைய வாரு, கீழ மட்டும் புதுசு. குடைக்கம்பியில மூணு விரல், நடுவுல லாரி ட்யூப் ரப்பர், விரிஞ்சு சுருங்க ஒரு சின்ன ஸ்பிரிங்கு. மாட்டிவிட்டாங்க.

நண்டு எந்திரிக்கல.

மோந்து பாத்துச்சு. அதுல வாத்து வாசனை அடிச்சிருக்கும்போல. வாரைக் கடிச்சுச்சு. அப்புறம் தலையக் கீழ போட்டுப் படுத்துருச்சு. ரெண்டு தடவ சேத்துல மானம் போன நாயி. மூணாவதா நம்பணும்னா லேசா?

செம்பாயி கூப்பிட்டா. வரல. கருவாட்டுத் துண்டைக் காட்டுனா. வரல.

"நேரமாச்சு புள்ள"ன்னான் அங்கமுத்து. மெதுவாச் சொன்னான். "அடுத்த வயலுக்குத் தண்ணி விடப்போறாங்க. அதுக்கு முன்னால தாண்டணும்."

அவ நண்டை மாட்டுன காலோடயே தூக்கிக்கிட்டுப் போயி டீக்கடை பெஞ்சுக்குக் கீழ விட்டா. கடைக்காரரு ஒரு பன்னை எடுத்து அது முன்னால வச்சாரு. செம்பாயி திரும்பிப் பாக்காம நடந்தா. கழிய எடுத்துக்கிட்டா. வாத்துக் கூட்டம் கிளம்பிருச்சு. குவாக் குவாக் குவாக். தூரம் போகப் போகச் சத்தம் சின்னதாச்சு.

தங்கம்?

"...ம்."

டீக்கடைக்கு எதித்தாப்புல சேத்து வயல். அதுக்கு இடதுபக்கம் அறுக்காத வயல், கதிர் சாஞ்சு நிக்குது. வாத்துக் கூட்டம் நடுச் சேத்துல போயிட்டிருக்கு. அப்போ முன்னால போன ஒரு வாத்து கழுத்தை நீட்டுச்சு. இடதுபக்கம் திரும்புச்சு. அதுக்குப் பின்னால நாலு. அதுக்குப் பின்னால ஒரு பெரிய கூட்டம். ஓரத்துல நின்னு திருப்ப ஆள் இல்ல. வயலுக்குச் சொந்தக்காரரு அந்தாண்ட மேட்டுல இருந்து கத்துறாரு. செம்பாயி ஓடுறா, முழங்கால் வரைக்கும் புதையுறா. அங்கமுத்து பின்னால மாட்டிக்கிட்டான்.

பெஞ்சுக்கு அடியில நண்டு தலையத் தூக்குச்சு.

காது நிமிந்துச்சு.

அப்புறம் அது போயிருச்சு, தங்கம். பன்னைத் தாண்டிப் போயிருச்சு. ரோட்டைத் தாண்டி, வரப்பைத் தாண்டி, சேத்துல இறங்கிருச்சு. கால் போனதும் அதுக்கு ஞாபகம் இல்ல, கால் வந்ததும் ஞாபகம் இல்ல. சளக், சளக், சளக். விரியுது, சுருங்குது. விரியுது, சுருங்குது. நடுவுல ஒரு தடவ சரிஞ்சுச்சு. எந்திரிச்சிருச்சு. சுத்திக்கிட்டு முன்னால போயி, கதிருக்கும் வாத்துக்கும் நடுவுல நின்னுச்சு.

"வள்."

ஒரே ஒரு தடவதான்.

வாத்தெல்லாம் திரும்பிருச்சு.

செம்பாயி சேத்துக்குள்ளேயே நின்னுட்டா. சவரிநாதன் கண்ணாடியக் கழட்டித் துடைச்சாரு, மாட்டல, கையிலயே வச்சிருந்தாரு. அங்கமுத்து சேத்துல இருந்து ஏறி, நேரா டீக்கடைக்கு நடந்து போனான்.

"அண்ணே"ன்னான் கடைக்காரர்கிட்ட. "அந்தப் பன்னைக் குடுங்க. வழியில பசிக்கும் அதுக்கு."

அப்புறம் அவங்க ஆத்தைத் தாண்டி, இன்னொரு ஊருக்குப் போனாங்க. எந்த ஊருன்னு நினைக்கிற?

"...கால்தடம்..."

ஆமா. அந்தக் கால்தடம் ஊருதான். அந்தச் சின்னப் பொண்ணும் ஊர்க்காரங்களும் தடத்தைப் பாத்துப் பாத்து இப்போ வந்து சேந்துட்டாங்க பாரு. மேட்டுல நீல வலை. வலைக்குள்ள முட்டை பொறுக்கிக்கிட்டிருக்கிறவ செம்பாயி. வலைக்கம்புல ஒரு கால் தொங்குது, கழுவிக் காயப்போட்டிருக்கு. ராத்திரியெல்லாம் காவல் காத்த நாயி, வெயில்ல படுத்துத் தூங்குது. குட்டைக் கால்ல எங்கயாவது செவந்திருக்கான்னு தினமும் பாத்து, எண்ணெய் தடவித்தான் தூங்கவிடுவா.

"இதுதானா"ன்னு ஒருத்தர் மெதுவாச் சொன்னாரு. சவாரி போச்சுன்னு சொன்னாரே, அவரு. மத்தவங்க அது தூங்குறதையே பாத்துக்கிட்டு நின்னாங்க.

அப்போ நண்டோட பாதம் அசைஞ்சுச்சு. கனவுல ஓடுது. பின்னங்கால் ரெண்டும் ஓடுது. வலது முன்னங்கால் ஓடுது. இடதுபக்கம், அந்தக் குட்டையும் கூடவே ஓடுது. நாலு காலும் ஓடுது, தங்கம்.

அந்தச் சின்னப் பொண்ணு செம்பாயிகிட்ட கேட்டுச்சு, "கனவுல அது எந்தக் காலால ஓடும்? அதோட பழைய காலாலயா, வாத்துக் காலாலயா?"

செம்பாயி யோசிச்சா. அவளுக்குத் தெரியல. உனக்குத் தெரியுமா?

தங்கம்?

போர்வைக்குள்ள உன் காலும் அசையுது. சரி, நீ ஓடு. ஓடிப்போயி பாத்துட்டு, காலையில வந்து எனக்குச் சொல்லு. கதை வலைக்குள்ள அடைஞ்சுருச்சு. வாத்தும் தூங்கிருச்சு, நாயும் தூங்கிருச்சு. தூங்கு.